அனுமதி தேவைப்படாத கண்ணீர் அஞ்சலி

மனித குலத்துக்கு எங்கள் பேரூராட்சி அளித்த மாபெரும் கொடை, 'அனுமதி தேவைப்படாத வெளிப்புறப் பலகைகள்' என்னும் விதிதான். ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வராத நாள் உண்டு. இந்த விதி மீறப்பட்ட நாள் இல்லை. அதைக் கட்டிக் காக்கும் பலகைப் பிரிவு எழுத்தர் அடியேன்.

கம்பெனிகளுக்குப் போகும் சாலையில், வளைவு திரும்பியதும் ஒரு குழி. பர்கூர் கிரானைட் லாரிகள் அரும்பாடுபட்டு உருவாக்கியது. வளைவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அன்னமேரி, 'முன்னால குழி, மெதுவாப் போங்க' என்று ஓர் அட்டையில் எழுதிக் கம்பத்தில் கட்டிவிட்டார். அனுமதியின்றி! உடனே பறிமுதல் செய்தேன்.

மறுநாள் அவர் அலுவலகத்துக்கு வந்தார். செயல் அலுவலர் ரத்தினவேல் பொறுமையாக விளக்கினார்.

"எச்சரிக்கைப் பலகைன்னா அனுமதி வேணும்மா. என்ஜினியர் பாக்கணும், கமிட்டி கூடணும்."

"அந்தக் குழிக்கு எந்தக் கமிட்டி சார் கூடுச்சு?"

"குழி, பலகை இல்லியேம்மா."

"எம் பையன் டேனி தெனம் அந்த வழியாத்தான் பைக்குல ஷிப்டுக்குப் போறானுங்க. போன வாரமே விழப் பாத்தான். வீடு திரும்புற வரைக்கும் எனக்கு உசுரே இல்லீங்க. அனுமதி இல்லாம எதைத்தான் வெக்கலாம்?"

"காதுகுத்து, திருவிழா, தலைவருக்கு வரவேற்பு, கண்ணீர் அஞ்சலி."

"அஞ்சலி எவ்ளோ பெருசா வெக்கலாமுங்க?"

"துக்கத்துக்கு அளவு வெப்போமா? நாங்களும் மனுசங்கதானே!"

அந்த வார இறுதியில் வளைவுக்கு முன்னால் ஒரு பிரம்மாண்ட ஃப்ளெக்ஸ் எழுந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே, 'முன்னால் உள்ள குழியில் விழவிருக்கும் அன்பருக்கு ஆழ்ந்த இரங்கல்'. நடுவே மலர் வளையம். அதற்குள், படம் இருக்க வேண்டிய இடத்தில், அன்னமேரி வீட்டு பீரோ கண்ணாடி!

பைக்கில் பறந்து வந்தவர்கள் மலர் வளையத்துக்குள் சொந்த முகத்தைக் கண்டு பிரேக் அடித்தார்கள். "அய்யய்யோ, நானா?" என்று அலறி, இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு குழியைக் கடந்தார்கள். வேப்பனப்பள்ளியிலிருந்து மாங்காய் ஏற்றி வந்த கரியப்பன் மட்டும் நிதானமாகத் தலை வாரிக்கொண்டு போனார். ஒருவர்கூட விழவில்லை.

ஒரு நிர்வாகத்துக்கு இதைவிட அவமானம் உண்டா? ரத்தினவேல் நேரில் ஆய்வுக்கு வந்தார். தன் முகத்துக்கே இரங்கல் சொல்லப்பட்டிருப்பதைப் பார்த்து வியர்த்துப்போனார்.

"செத்தது யாரும்மா?"

"இன்னும் யாரும் இல்லீங்க சார்."

"அப்ப இது அஞ்சலி இல்ல. எச்சரிக்கை!"

குற்றம் கையும் களவுமாகப் பிடிபட்டது. ஃப்ளெக்ஸை இறக்கி வண்டியில் ஏற்றினேன். கண்ணாடியில் கீறல் விழாதபடி சாக்கு சுற்றினேன்; நாங்கள் ஈவிரக்கமற்றவர்கள் அல்ல. எங்கள் வண்டி அந்தக் குழியில் இறங்கி ஏறியபோதுதான் அது உடைந்தது.

அன்னமேரி அழுதேவிட்டார். "மாதாவே! டேனி வர்ற நேரம் சார். வேற வழியே இல்லீங்களா?"

"ஏன் இல்லாம? யாராச்சும் விழுந்து செத்ததும் வாங்கம்மா. அன்னிக்கே வெச்சுக்கலாம். ஒரு கையெழுத்துகூட வேணாம்" என்று தேற்றினார் ரத்தினவேல்.

உயிரோடு இருப்பவர்கள் எங்களைப் பற்றி ஆயிரம் குறை சொல்லட்டும். செத்தவர்களை ஒரு நாள்கூட அலையவிடாத அலுவலகம் எங்களுடையது.