பதினேழாம் பக்கம்

நூலக வேனின் படியில் நின்றபடி மெர்வ் ஹென்ஷா ஒரு புத்தகத்தைச் சட்டைக்குள் நுழைக்கப் பார்த்தார். அட்டையில் பொத்தான் போடாத டாக்டர் ஒருவர் நர்ஸ் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் நின்றிருந்தார். மெர்வின் சட்டையோ இறுக்கம். எவ்வளவு அமுக்கியும் டாக்டரின் தலை வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது.

"ஒளிச்சா எப்படிண்ணே? நான் பதிவு பண்ண வேண்டாமா?" என்றான் வேன் ஓட்டும் ட்ரெவர்.

"சத்தம் போடாதடா. மானம் போயிடும்."

அறுபத்தெட்டு வயது வரைக்கும் மெர்வ் முழுசாகப் படித்தது டிராக்டர் கையேடு ஒன்றைத்தான். வினை டெலிபோனில் வந்தது. பிப்ரவரி பிறந்தால் எங்கள் மிண்டாரா ஊர் வாசகர் வட்டத்துப் பெண்கள் மாதம் முழுக்கக் காதல் நாவலும், ரத்தம் தெறிக்காத கொலைக்கதையும்தான் படிப்பார்கள். கடைசிச் சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் தேநீரும் பேச்சும். வட்டத்தின் செயலாளர் நோலா, புருஷனை இழந்து ஆறு வருஷமானவர், அவரே கூப்பிட்டிருந்தார்.

"இந்த வருஷம் டல்ஸி ஞாபகமா நடத்துறோம், மெர்வ். அவளுக்கு உயிரான புத்தகங்களைப் பத்தி நீங்க பத்து நிமிஷம் பேசணும்."

"அதுக்கென்ன, பேசிட்டாப் போச்சு!"

போனை வைத்த பிறகுதான் விஷயம் உறைத்தது. நாற்பத்தொரு வருஷம் மனைவி டல்ஸி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். இவர் கிரிக்கெட் பார்த்தார். படித்துக்கொண்டே இருப்பவள் திடீரென்று சிரிப்பாள். "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல, நீங்க மேட்சைப் பாருங்க" என்பாள். இவரும் மேட்சைப் பார்த்தார். போன குளிர்காலத்தில் அவள் போய்விட்டாள். அவள் படித்ததில் ஒன்றின் பெயர்கூட இவருக்குத் தெரியாது. எதற்குச் சிரித்தாள் என்று தெரிந்துகொள்ள இப்போது எதை வேண்டுமானாலும் கொடுப்பார். ஊர் முன்னால் திருதிருவென்று விழிக்க முடியாதென்றுதான் நூலக வேனைத் தேடி வந்தார்.

"டல்ஸி எதெல்லாம் எடுத்தான்னு உன் நோட்டுல இருக்குமே?"

"அவங்க கார்டைத்தான் தலைமை நூலகத்துக்குத் திருப்பி அனுப்பிட்டேனே அண்ணே. வேணும்னா பதினேழாம் பக்கத்தைப் பாருங்க."

மெர்வ் டாக்டரை வெளியே இழுத்துப் பதினேழாம் பக்கத்தைத் திருப்பினார். ஓரத்தில் பென்சிலால் பொடிசாக ஒரு வாத்து, ஒரு சாவி, ஆவி பறக்கும் ஒரு கோப்பை.

"இந்தக் கதையெல்லாம் ஒரே மாதிரி இருக்குமில்ல? படிச்சோமா இல்லையான்னே மறந்துடும். அதனால வட்டத்துல ஆளுக்கொரு குறி. தன் குறி இருந்தா வெச்சுட்டு வேறயைத் தேடுவாங்க."

"டல்ஸியோடது எது?"

"யார் என்ன படிக்கிறாங்கன்னு நான் சொல்லக் கூடாது. சட்டம்."

மெர்வ் நெற்றியில் அறைந்துகொண்டார். முப்பது வருஷம் ஃபுட்பால் கிளப்புக்கு டீ போட்டவள் யார்? "கோப்பை! வேற எதுடா இருக்கும்!"

ட்ரெவர் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். சட்டம் சட்டம்தானே.

கோதுமை வயலோரம் வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு மெர்வ் படித்தார். டாக்டர் மூன்று நாளில் முடிந்தார். அடுத்து ஒரு கிராமத்துக் கொலைக்கதை. இருநூறு பேர் இருக்கிற ஊரில் வாரம் ஒரு பிணம் விழுந்தும் ஒரு குடும்பமும் வீட்டைக் காலி பண்ணவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். கேக் போட்டியில் தோற்றவள்தான் கொலைகாரி என்று எழுபதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்து, வண்டிக்குள் தனியாகக் கைதட்டினார். எதிர் நாற்காலியில் சொல்ல ஆளில்லையே என்று உடனே தோன்றியது. அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை.

இரண்டாவது வாரம் வேனில் ஒரே கூட்டம். குனிந்து ஒவ்வொன்றாகப் பக்கம் திருப்ப முதுகு இடம் கொடுக்கவில்லை.

"கோப்பை போட்டதா மட்டும் எடுத்துக் குடுடா ட்ரெவர்!"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோப்பை மட்டும்தானா, மெர்வ்?" என்றாள் ஒருத்தி.

"மட்டும்தான். காரணம் இருக்கு. மாசக் கடைசில எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்."

வாயை அடைக்கத்தான் சொன்னார். மறுநாளிலிருந்து ஊருக்கு வேறு பேச்சே இல்லை.

திங்கட்கிழமை நோலா ஒரு டின் நிறைய எலுமிச்சைக் கேக்கோடு வந்தார். துக்க வீட்டுக்குக் கொடுப்பதாக்கும் என்று மெர்வ் வாங்கிக்கொண்டார். வெறும் டின்னைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. தோட்டத்து அத்திப்பழத்தை நிரப்பிக் கொண்டுபோனார். டின் மறுபடி வந்தது, இந்தத் தடவை இஞ்சி பிஸ்கட்டோடு. அது தக்காளியோடு திரும்பியது. நாலாவது தடவை நோலா புது உடுப்பில் வந்து நின்றார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டு, எதற்கோ சிவந்தார்.

"திராட்சைத் தோட்டக்காரன் மழையில நனைஞ்சுகிட்டு வந்து அவகிட்ட மனசைத் திறக்கிறானே, அதுவரைக்கும். நல்ல பையன்."

"எனக்கும் அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்," என்று நோலா ஓடியே போய்விட்டார்.

பப்பில் பீர் குடிக்கப் போனால் ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். "தைரியம்தான்யா உனக்கு! இந்த வயசுல!" என்றார்கள். மேடையில் பேசுவதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைத்த மெர்வுக்குப் பயம் அதிகமாகிவிட்டது. பயத்தில் முடி வெட்டிக்கொண்டார், ஷூவுக்குப் பாலிஷ் போட்டார், கல்யாண கோட்டை எடுத்து வெயிலில் போட்டார். ஊர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மண்டபத்தில் உட்கார இடமில்லை. என்றைக்கும் எட்டிப்பார்க்காத ஆண்கள்கூடச் சுவரோரம் நின்றார்கள். டல்ஸி பேரைச் சொன்னால் அழுதுவிடுவோம் என்று மெர்வ் பேரையே சொல்லாமல் ஆரம்பித்தார்.

"கோப்பை போட்ட பன்னெண்டு புத்தகத்தையும் இந்த ஒரு மாசத்துல படிச்சு முடிச்சேன்."

தலைகள் எல்லாம் இரண்டாம் வரிசைப் பக்கம் திரும்பின. மெர்வ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் முட்டாள். ஒரு பொம்பள மனசு இத்தனை வருஷமா என் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு, நான் திரும்பிப் பாக்கல. அந்தக் கோப்பையைப் போட்டவ எதுக்குச் சிரிச்சிருப்பா, எந்தப் பக்கத்துல அழுதிருப்பான்னு இப்ப எனக்குத் தெரியும். அவ பக்கத்துல உக்காந்து, டிவியை அணைச்சுட்டு, 'என்ன படிக்கிற, எனக்கும் சொல்லு'ன்னு கேக்கணும். அது ஒண்ணுதான் இப்ப என் ஆசை."

தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். மண்டபத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். இரண்டாம் வரிசையில் நோலா எழுந்தார், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே விரைந்தார். சுவரோரம் யாரோ விசில் அடித்தார்கள்.

மெர்வ் பதறிப்போய் இறங்கி, டீ ஊற்றிக்கொண்டிருந்த எண்பத்துநாலு வயது கிளாடிஸிடம் போனார்.

"கிளாடிஸ் அக்கா, என் பொண்டாட்டியைப் பத்திப் பேசினா இந்த நோலா ஏன் அழுதுகிட்டு ஓடுது?"

கிளாடிஸ் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"டல்ஸி எதுலயும் குறி போட்டதே இல்லப்பா. 'மறந்து போனா நல்லதுதானே, இன்னொரு தடவ புதுசா படிக்கலாமே'ம்பா. கோப்பை நோலாவோடது. அவ அழவும் இல்ல, லிப்ஸ்டிக் போட்டுகிட்டு வரப் போயிருக்கா."