தங்கக் குடில் எண் ஏழு

இந்தக் கோடை விடுமுறைக்குள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் தனியாக நிற்பது என்று தீர்மானம் செய்தேன்.

இதெல்லாம் ஒரு தீர்மானமா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் மாமியார் வீடு எருமப்பட்டியில் இல்லை, அதனால் கேட்கிறீர்கள். எனக்கும் சௌந்தர்யாவுக்கும் கல்யாணமாகி ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தில் நாங்கள் பதினோரு பேருக்குக் குறைந்து எங்கேயும் போனதில்லை. தேனிலவுக்குக் கொல்லிமலை போனபோதே வேனில் இடமில்லை. மாப்பிள்ளை என்பதால் மரியாதையாக முன்னால் உட்கார வைத்தார்கள். கியர் ராடுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவுகளில் டிரைவர் என் முழங்காலைத்தான் செகண்ட் கியருக்கு மாற்றினார்.

பஸ்ஸில் போனாலும் இதே கதைதான். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்குள் என் மாமியார் முத்தாயம்மாள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிடுவார். ஒரு துண்டு, மூன்று சீட்டு. அந்தத் துண்டை நகர்த்திவிட்டு உட்காரும் ஆண்மகன் இந்த மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் அன்பரசு. பி.எஸ்ஸி. வேதியியல். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன். கோழித்தீவன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் மக்காச்சோளத்துக்கு ஈரப்பதம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன். போட்டுவிட்டால் மீறமாட்டேன். 'கண்ணில் படக்கூடாது' என்று ஷாம்பு பாக்கெட்டில் எழுதியிருந்த ஒரே காரணத்துக்காக, கண்ணை மூடிக்கொண்டே குளித்து, கண்ணை மூடிக்கொண்டே வெளியே வந்து, பீரோவில் முட்டியவன்.

சேலம் போகும் பைபாஸில் 'ஆனந்தத் தீவு' என்று ஒரு தண்ணீர்ப் பூங்கா இருக்கிறது. அதன் இணையப் பக்கத்தில்தான் என் விடுதலையைக் கண்டேன். நுழைவுச் சீட்டுக்கு மேல் தனிக் கட்டணம் கட்டினால் 'தங்கக் குடில்' கிடைக்குமாம். அலைக்குளத்தைப் பார்த்தபடி ஒரு குடில். சோபா, மின்விசிறி, பழக்கூடை, வரவேற்பு பானம், தனி உதவியாளர். விலையைச் சொல்லமாட்டேன். அப்பா இதைப் படிக்கக்கூடும்.

விலையைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி தெரிந்தது. 'குடிலுக்குள் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் அனுமதி இல்லை.'

என் கண் கலங்கியது. நான், சௌந்தர்யா, எங்கள் மகள் தனப்பிரியா. மூன்று பேர். விதியே சொல்லும்போது யார் எதிர்க்க முடியும்?

அன்று காலை சமையலறைக்குப் போனேன். சௌந்தர்யா சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"சௌந்தர்யா, அந்தக் குடில்ல நாலு பேருக்கு மேல விடமாட்டாங்களாம்."

"செரிங்க."

"உங்கம்மா, அண்ணன் எல்லாத்தையும் கூப்பிட முடியாது போல. எனக்கே சங்கடமாத்தான் இருக்குது."

"விதின்னா விதிதானுங்க."

"கோவம் இல்லியே?"

"என்னத்துக்குங்க கோவம்? மத்த விதியெல்லாம் என்னன்னு ஒருக்கா சத்தமா படிங்க. கேட்டுக்கறேன்."

ஆறு வருடத்தில் என்னை யாரும் விதிகளைப் படிக்கச் சொன்னதே இல்லை. மகிழ்ச்சியில் நாற்பத்திரண்டு விதிகளையும் நின்றபடியே படித்தேன். பதினோராவது விதியில் மட்டும் துருவுவதை நிறுத்தினாள்.

"அத இன்னொருக்கா படிங்க."

"'குடிலுக்குப் பூட்டு இல்லை. உள்ளே வைக்கும் பொருள்களுக்குப் பதிவுதாரரே பொறுப்பு. பதிவுதாரர் பதினைந்து நிமிடத்துக்கு மேல் குடிலை விட்டு நீங்கினால், குடில் வேறொருவருக்கு ஒதுக்கப்படும். பதிவுதாரரின் கைப்பட்டையை வேறு யாரும் அணியக் கூடாது.'"

"பதிவுதாரர்னா ஆருங்க?"

"பணம் கட்றவரு. நான்தான்."

"நீங்களேதானுங்களா? மாத்த முடியாதுல்ல?"

"முடியவே முடியாது."

"அப்பச் செரி. கையெழுத்துப் போட்டுருங்க."

மறுபடி துருவ ஆரம்பித்தாள். இந்த முறை வேகமாக.

ஞாயிற்றுக்கிழமை. முட்டி வரைக்கும் வரும் புது டவுசர் ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். நீலத்தில் வெள்ளைத் தென்னை மரம். பைக்கில் மூன்று பேர் மட்டும் பைபாஸில் போனபோது, உலகமே விசாலமாக இருப்பதுபோல் இருந்தது. ஆனந்தத் தீவின் வாசலில் வண்டியை நிறுத்தும்வரை அப்படித்தான் இருந்தது.

அங்கே ஒரு வேன் நின்றது. வேனுக்கு முன்னால் ஒரே பச்சை நிறத்தில் ட்ராக் பேண்ட்டும் முழுக்கை பனியனுமாகப் பதினோரு பேர் நின்றார்கள். ஏதோ கபடி அணி என்று நினைத்தேன். அணித் தலைவி என் மாமியார்.

"என்னங்க மாப்ள, இத்தன நேரமா? நாங்க வந்து அரை மணி நேரமாச்சு!" என்று கத்தினார் மோகன்குமார். சௌந்தர்யாவின் அண்ணன். போர்வெல் வண்டி வைத்திருப்பவர். இருபது வருடம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று பேசியதால், 'தண்ணி குடுங்க' என்பதைக்கூட ஊருக்கே கேட்கும்படிதான் சொல்வார்.

நான் சௌந்தர்யாவைப் பார்த்தேன்.

"நாலு பேருதான்னு சொன்னனே..."

"குடிலுக்குத்தானுங்க நாலு பேரு. பார்க்குக்கு எத்தன பேரு வேணும்னாலும் வரலாம். அவங்கெல்லாம் சாதா டிக்கெட்டுங்க. விதிய ஒண்ணும் மீறல."

நாற்பத்திரண்டு விதிகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மீறவில்லைதான். தனப்பிரியா அதற்குள் மாமன் கழுத்தில் ஏறியிருந்தாள்.

குடில் உதவியாளர் கதிர்வேல் வந்து என் கையில் தங்க நிறப் பட்டை ஒன்றை மாட்டினார். ஐம்பது வயதுக்காரர். ஒன்பது குடிலுக்கும் சேர்த்து அவர் ஒருவரே தனி உதவியாளர்.

"இத எப்படிக் கழட்றதுங்க?"

"கழட்ட முடியாதுங்க சார். அறுத்தாத்தான் வரும்."

குடில் எண் ஏழு. மூன்று பக்கம் தட்டி, முன்னால் ஒரு திரை. சோபா இருந்தது, உட்கார்ந்தால் தோசைக்கல். மின்விசிறி இருந்தது, சுவரைப் பார்த்துச் சுற்றியது.

"அலைக்குளம் எங்கீங்க?"

"அந்த ஜெனரேட்டருக்கு அக்கட்ட நீலமா தெரியுது பாருங்க சார்."

"அது தார்ப்பாய்ங்க."

"அதுக்குப் பின்னாலதானுங்க சார்."

வரவேற்பு பானம் வந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதைவிடப் பெரிய சாம்பிள் எடுப்போம். பழக்கூடையில் இரண்டு வாழைப்பழம், ஒரு கொய்யா, பளபளவென்று ஒரு ஆப்பிள்.

"ஆப்பிள மட்டும் கடிச்சிராதீங்க சார். எட்டாம் நெம்பர்லயும் வெச்சுக் காட்டணும்."

நான் முகம் சுருங்கி நின்றேன். ஆனால் எனக்குப் பின்னால் வந்த எருமப்பட்டி அணி குடிலைப் பார்த்துச் சொக்கிப்போனது.

"நெம்ப நல்லாருக்குது சௌந்தர்யா! எவ்வளவு எடம்!"

பைகள் வந்தன. தூக்குப்போசிகள் வந்தன. புளிசாதக் குண்டா வந்தது. பதினோரு செல்போன்கள், பதினாலு ஜோடி செருப்புகள், ஒரு பாய். என்னோடு சேர்த்து நான்கு பேர் என்று கணக்குப் போட்டு, மூன்று மூன்று பேராக உள்ளே வந்து வைத்துவிட்டு மூன்று மூன்று பேராக வெளியேறினார்கள். விதிப்படி.

என் மாமியார் பழக்க தோஷத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்து சோபாவில் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ளதான் இருக்கறாங்கல்ல, துண்டு என்னத்துக்கு?" என்று சொல்லித் துண்டைத் திரும்ப எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மோகன்குமாருக்கு மட்டும் என்மேல் இரக்கம்.

"மாப்ள, அந்தப் பட்டையப் பல்லுல கடிச்சுப் பிச்சு அம்மா கையில கட்டிட்டு நீங்க வாங்க! ஆரு பாக்கப் போறாங்க!"

கதிர்வேல் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அவர வற்புறுத்தாதீங்க," என்றாள் சௌந்தர்யா. "அவரு கையெழுத்துப் போட்டிருக்கறாரு. போட்டா மீறமாட்டாரு."

அதை அவள் சொன்ன பெருமையைப் பார்க்க வேண்டும். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சோடு அங்கேயே உட்கார்ந்தேன். அவர்கள் போய்விட்டார்கள்.

பத்து மணியிலிருந்து நான் தண்ணீர்ப் பூங்காவில் இருந்தேன். என்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. பதினோரு மணிக்கு மடியில் இருந்த போன்களில் ஒன்று அடித்தது. மோகன்குமாருடையது.

"அண்ணா, முந்நூறு அடி போயாச்சுங்க. தண்ணியே வரல. நிறுத்திரட்டுங்களா?"

"எனக்கும் வரலீங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பக்கத்துக் குடிலின் தட்டி இடுக்கில் யாரோ சிரித்தார்கள். எட்டிப் பார்த்தேன். நாற்பது வயதுக்காரர் ஒருவர் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் செருப்புகள். கையில் தங்கப் பட்டை.

"மொத வருசமுங்களா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க?"

"மூணாவதுங்க. குணசீலன். பள்ளிபாளையம். தறி ஓட்டறோம். எத்தன செருப்புங்க?"

"பதினாலு ஜோடிங்க."

"எனக்குப் பத்தொம்போதுங்க."

எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

"ஏனுங்க, மத்த குடில்லயும்..."

"எந்திரிச்சு நின்னு பாருங்க."

பார்த்தேன். ஒன்று முதல் ஒன்பது வரை. குடிலுக்கு ஒரு ஆண். ஒருவர் தூங்கினார். ஒருவர் புளிசாதத்துக்கு ஈ ஓட்டினார். ஒருவர் ஈரத்துணியைத் தட்டியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லார் கையிலும் தங்கம் மின்னியது.

"நீங்களும் பொண்டாட்டியோட தனியா வரலாம்னு..." என்று இழுத்தேன்.

"சொல்லாதீங்க," என்றார் குணசீலன். "நாலு பேருன்னு ஒரு வரி. அதுலதான எல்லாருமே உழுந்தம்."

"அப்பறம் ஏனுங்க மூணு வருசமா வாரீங்க?"

பேப்பரை மடித்தார். முகத்தில் ஒரு வெட்கம்.

"நாலு மணிக்கு ஒரு அஞ்சு நிமிசம் நல்லாருக்குமுங்க."

"என்னங்க நடக்கும்?"

"சொன்னா நல்லாருக்காது. அனுபவிங்க."

மதியம் எல்லோரும் மூன்று மூன்று பேராக வந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். என்னுடைய இரண்டு வாழைப்பழங்களையும் தனப்பிரியா சாப்பிட்டாள். நான் கொய்யாவைக் கடித்தேன். ஆப்பிள் எட்டாம் நம்பருக்குப் போனது.

சரியாக மூன்று ஐம்பத்தைந்துக்குத் திரை விலகியது. சௌந்தர்யா. அவர்களோடு சேர்ந்து அவளும் மாட்டிக்கொண்ட பச்சை ட்ராக் பேண்ட் முட்டி வரை சுருட்டியிருக்க, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, தனியாக நின்றாள். ஆறு வருடத்தில் அவளை அப்படிப் பார்த்ததில்லை. முதலில் அவளுக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்த்தேன். யாருமில்லை.

"எந்திரிங்க. அலைக்குளத்துக்குப் போலாம்."

"நானா? பொருளெல்லாம்..."

"பதினஞ்சு நிமிசம் போலாம்னு விதியிலயே இருக்குதுங்க. அம்மா வந்து பாத்துக்கறாங்க."

"பாப்பா?"

"அண்ணங்கிட்ட இருக்கறா. வாங்க, அலைக்குச் சங்கு ஊதிருவாங்க."

என் கையைப் பிடித்தாள். அவளாகவே பிடித்தாள். தென்னை மர டவுசரோடு ஓடினேன். கதிர்வேல் சிலேட்டில் என் நேரத்தைக் குறித்துக்கொண்டார். ஜெனரேட்டரைத் தாண்டி, தார்ப்பாயைத் தாண்டிப் போனால், உண்மையாகவே அங்கே அலைக்குளம் இருந்தது.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். சங்கு ஊதியது. முதல் அலை வந்தது. என் சட்டை நனைந்தது. அவள் கை என் கைக்குள் இருந்தது. பதினோரு பேரில் ஒருவர்கூட கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை.

"சௌந்தர்யா," என்றேன். "இதுக்குத்தான் நான்..."

"தெரியுமுங்க," என்றாள்.

கொடுத்த காசு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது அலை வந்தது. மகிழ்ச்சியில் இந்தப் பக்கம் திரும்பினேன். குணசீலன் நின்றார். கையை மனைவி பிடித்திருந்தார். அந்தப் பக்கம் திரும்பினேன். மூன்றாம் குடில்காரர். அவருக்குப் பின்னால் ஐந்தாம் குடில். எட்டாம் குடில். ஒன்பது தங்கப் பட்டைகளும் தண்ணீருக்கு மேலே மினுங்கின. ஒன்பது கணவர்களும் அவரவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது மனைவிகளும் கரையில் இருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சௌந்தர்யா, அங்க என்ன பாக்கற?"

"எட்டு நிமிசம் ஆச்சுங்க. மொத நாலு பேரு மாத்தியிருப்பாங்க. இனி ரெண்டு பேருதான்."

"என்னத்த மாத்தியிருப்பாங்க?"

"சேலைதானுங்க! ஈரத்தோடயா ஊட்டுக்குப் போறது? பொம்பளைங்க துணி மாத்தற ரூம்புல ஒரு மணி நேரம் வரிசை நிக்குது. அதுக்குத்தான இந்தக் குடிலே."

மூன்றாவது அலை வந்து என் வாயில் அடித்தது. அதைத் துப்பிவிட்டுக் கேட்டேன்.

"அப்ப நீ என்னக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தது..."

"அட, சீட்டுல உக்காரும்போது துண்ட எடுக்காம எப்படீங்க உக்கார்றது?"