ஊர்வலத்தின் முதல் வண்டி

“கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு காருக்கு வரி போடுறியே, எங்க ஆளுங்க ஒரு மாத்திரை வாங்கணும்னாகூட மலையைத் தாண்டி வரணும். தெரியுமா உனக்கு?”

கழுத்துவரை வெந்நீரில் இருந்த கோல்பெய்ன் இப்படிக் கத்தியதும், தொட்டியில் இருந்த மற்றவர்கள் ஆவிக்குள் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டார்கள். அக்யூரெய்ரி நீச்சல்குளத்தின் வெந்நீர்த் தொட்டியில் காலையில் அரசியல் பேசாதவன் ஐஸ்லாந்துக்காரனே இல்லை. ஆனால் எதிர்க்கட்சி உறுப்பினரும் நிதி மந்திரியும் எதிரெதிரே உட்கார்ந்து மோதிக்கொள்வது தினமும் கிடைக்கிற காட்சியா என்ன?

“கத்தாதே கோல்பெய்ன்,” என்றாள் மந்திரி டாக்னி. “பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர்கிட்டயும் இப்படித்தான் கத்துவ. விடை மட்டும் வராது.”

“விடையை விடு. உன் அண்ணன்மாரும் மலைக்கு அந்தப் பக்கம், எங்க பள்ளத்தாக்குலதானே இருக்காங்க? அவங்க மூஞ்சில எப்படி முழிப்ப?”

டாக்னியின் முகம் சற்றே மாறியது. “பிரதமர் முடிவு பண்ணிட்டார். மத்தியானம் தலைநகருக்கு விமானம், அதை விட்டா இன்னிக்கு வேற இல்ல. சாயங்காலம் சபை. அவ்வளவுதான்.” பிறகு சட்டென்று எழுந்தாள். “இரு, காபி எடுத்துட்டு வரேன்.”

கோல்பெய்ன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் சபை கூடும் கடைசி நாள் இது. மந்திரியே எழுந்து நின்று வரி மசோதாவை வைக்காவிட்டால் அது செத்துவிடும். வைத்துவிட்டால் சட்டமாகிவிடும், அப்புறம் தொகுதிப் பக்கம் தலைகாட்ட முடியாது. சபையில் நாள் கணக்காகப் பேசிப் பார்த்துவிட்டான். கேட்டவர் சபாநாயகர் ஒருவர்தான், அவரும் பாதி நேரம் தூங்கினார். மிச்சமிருந்தது கார் ஊர்வலம் மட்டும். விமான நிலையம்வரை ஹாரன் அடித்துக்கொண்டே போய் மந்திரியின் காதைக் கிழிப்பதாக ஏற்பாடு.

டாக்னி திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. தலையெல்லாம் பனி, பல் தந்தியடித்தது, கையில் ஒன்றும் இல்லை.

“காபி எங்க?”

“தீர்ந்துபோச்சாம்,” என்று தண்ணீருக்குள் குதித்தாள்.

ஊர்வலத்துக்கு நேரமாகிவிட்டது. கோல்பெய்ன் அரைகுறையாகத் துவட்டிக்கொண்டு ஓடினான். வெளியே கார்கள் சாவியும் உள்ளே இருக்க, உறுமிக்கொண்டு நின்றன. அந்தக் குளிரில் எஞ்சினை யார் அணைப்பார்கள்? திருடத்தான் யார் இருக்கிறார்கள், பாதி ஊர் சொந்தக்காரர்கள். விளக்குக் கம்பத்தடியில், அவன் எப்போதும் நிறுத்தும் இடத்தில், பனி மூடிய சாம்பல் நிற ஜீப். ஏறினான், பறந்தான்.

பெட்ரோல் பங்கில் கார்கள் வரிசையாகக் காத்திருந்தன. கூடவே ஒரு டிவி வேன். பால் லாரியிலிருந்து எட்டிப் பார்த்தார் பண்ணைக்காரர் ஓட்டார்.

“தலைவரே, நீங்க முன்னால போங்க! நீங்க எங்க திரும்புறீங்களோ, நாங்களும் அங்க திரும்புவோம்!”

கோல்பெய்ன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினான். கொஞ்ச தூரம்தான் போயிருப்பான். பின்சீட்டில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

கண்ணாடியில் பார்த்தான். சிவப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பழுப்பு நாய். டாக்னியின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வருஷா வருஷம் சிரிக்கும் நாய். நாடே அறிந்த முகம்.

“மோரி?”

நாய் வாலை ஆட்டியது. கோல்பெய்னுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்துவிட்டது. மந்திரியின் ஜீப்! அவளுடையதும் இதே சாம்பல் நிறம்தான். எதிர்க்கட்சிக்காரன் கார் திருடினான் என்று ராத்திரி செய்தியில் வந்துவிடும். வரியை யார் பேசப்போகிறார்கள்?

“படு! படுடா, கண்ணு!” என்று ஒரு கையால் அதன் தலையை அழுத்தினான். மோரி அதை விளையாட்டு என்று நினைத்து அவன் காதை நக்கியது. ஜீப் வளைந்தது. பின்னால் எல்லாக் கார்களும் அதேபோல் வளைந்தன.

ஓரமாக நிறுத்தி அவர்களை முன்னே விடலாம் என்று பார்த்தான். எல்லாரும் நின்றார்கள். ஓட்டார் ஓடி வந்தார்.

“என்ன தலைவரே, இங்கயே மறியலா?”

“இல்ல இல்ல... நீங்க போங்க, நான் பின்னால வரேன்.”

“அதெப்படி? ஆமா, நாய் யாருது?”

“அத்தையோடது!” என்று ஜீப்பைக் கிளப்பினான்.

சந்துக்குள் திரும்பினான், எல்லாரும் திரும்பினார்கள். ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவர்களும் சுற்றினார்கள். கடைசியில் முதல் கார் எது, கடைசிக் கார் எது என்றே தெரியாமல் விமான நிலையச் சாலை அடைபட்டுப்போனது. எப்படியோ பிய்த்துக்கொண்டு நீச்சல்குளத்துக்கே திரும்பினான். அவனை விட்டால்தானே? ஊர்வலம் முழுக்க உள்ளே புகுந்தது. பால் லாரி வாசலை மறித்து நின்றது.

அப்போது தலைக்கு மேல் விமானம் போயிற்று.

“மந்திரி அதுல இல்ல!” என்று குளத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அலறினார் டிவிக்காரர். “குளத்துலயே மடக்கிட்டாங்க!”

“இதுக்குத்தான் ஊரைச் சுத்தினீங்களா? மூளைக்காரரய்யா நீங்க!” என்று ஓட்டார் அவனைத் தோளில் தூக்கினார். கோல்பெய்ன் மறுத்துச் சொல்ல வாயெடுத்தான், கூட்டத்தைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

குளியலங்கியோடு வெளியே வந்த டாக்னி, கேமராவைப் பார்த்துப் பொரிந்தாள். “என் வண்டியையே கடத்திட்டார்! மசோதா போச்சு! நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?”

“கோல்பெய்னோட ஜீப் இங்கதானே நிக்குது? அதுல போயிருக்கலாமே?” என்று கேட்டார் டிவிக்காரர்.

“அடுத்தவங்க வண்டியைக் கேக்காம எடுக்கறதா? அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது,” என்றவள், மோரியை அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கூட்டம் கலைந்தபின் கோல்பெய்ன் மெதுவாகக் குளத்துக் காவலாளி சிக்மாரிடம் போனான். வெற்றிதான், ஆனாலும் மனசு குத்தியது.

“தப்பு என்னுதுதான் சிக்மார். ஆனா விளக்குக் கம்பத்துக்கிட்ட எப்பவும் என் வண்டிதானே நிக்கும்? எப்படி மாறுச்சுன்னே தெரியல.”

“எனக்கும்தான் புரியல அண்ணே,” என்றான் சிக்மார், ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டே. “காபி எடுக்கறேன்னு வந்த அம்மா, கொட்டுற பனியில நீச்சலுடையோட வெளிய ஓடி, ரெண்டு வண்டியையும் இடம் மாத்தி நிறுத்தினாங்க. போதாததுக்கு நாய்கிட்ட, ‘மாமா வருவாரு, குரைச்சுக் காரியத்தைக் கெடுத்துடாதே’ன்னு வேற சொல்லிட்டு வந்தாங்க!”