முப்பத்தைந்து வயதில் திரும்பி வந்த கணவர் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் நீங்கலாக நான் நலம். நீங்களும் உங்கள் அலுவலகத்தாரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த விருப்பம் இந்தக் கடிதம் முடியும்வரை மாறாமல் இருக்க என்னால் ஆனதைச் செய்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். எங்கள் தெரு நூலகரை நான் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லப்படுவது உண்மையல்ல. அவருக்கு முப்பத்து மூன்று வயது, எனக்கு எழுபத்தாறு. அவரும் கேட்கவில்லை, நானும் சம்மதிக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன் என்பதும் பொய். இரண்டு தடவையும் அவர்தான் பிடித்தார். இப்படி ஒரு மறுப்பை நான் என் கையால் எழுதும்படி ஆனதற்கு, மன்னிக்கவும், நீங்கள்தான் காரணம். போன மாத இதழில் நீங்கள் வெளியிட்ட அறிவியல் கதை காரணம்.

நீங்கள் எத்தனையோ கதை பார்ப்பவர், ஆகையால் நினைவுபடுத்துகிறேன். ஒரு விண்கல ஓட்டி, வயது முப்பத்து நாலு. மனைவியிடம் சொல்லிக்கொண்டு ஏதோ ஒரு நட்சத்திரத்துக்குப் போகிறான். கலம் போகிற வேகத்தில் அவனுக்கு ஒரு வருடம்தான் ஆகிறது, பூமியில் நாற்பது ஓடிவிடுகிறது. அதே கறுத்த முடியோடு அவன் திரும்பி வரும்போது வாசலில் எழுபது வயது மனைவி நிற்கிறாள். அவள் ஓடிப் போய் அவன் மார்பில் விழுகிறாள். ‘அந்தக் கணத்தில் அவளும் இளமையானாள்.’ முற்றும்.

நான் அறிவியல் கதைகளுக்கு விரோதியல்ல. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். கண்ணால் காணாததை நம்பிப் பழகியவள். வேகமாகப் போனால் வயது ஏறாது என்பதைக்கூட ஒப்புக்கொண்டேன், என் மருமகள் கார் ஓட்டும்போதெல்லாம் எனக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது என்றாலும். என் குழப்பம் நட்சத்திரத்தில் இல்லை, வீட்டில். அந்தக் காலத்தில் யாரும் சமைப்பதில்லை, மாத்திரைதான் சாப்பாடு என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே, கணவன் புறப்படும் முன் ‘ஆசையாகப் பரிமாறினாள்’ என்கிறார் உங்கள் எழுத்தாளர். மாத்திரையை எப்படி ஆசையாகப் பரிமாறுவது? இன்னும் ரெண்டு வெச்சுக்கோங்க என்றா? வண்டி வானத்தில் பறக்கிறது, சுவர் பேசுகிறது, தரை தன்னைத் தானே துடைத்துக்கொள்கிறது, பெண் மட்டும் நாற்பது வருடமாக வாசலிலேயே நிற்கிறாள். அவளுக்கு ஒரு வேலை இல்லை, கால்வலி இல்லை, ஒரு பக்கத்து வீட்டுக்காரி இல்லை. எதிர்காலத்தை எழுதுகிறவர்கள் வீட்டில் உள்ள சாமானையெல்லாம் மாற்றிவிட்டு, வீட்டில் உள்ளவர்களை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். இது என்ன கற்பனை என்று எனக்கு விளங்கவில்லை.

குறை மட்டும் சொல்கிறவள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கதையில் ஒரு வரி இருக்கிறது. அவன் கலத்திலிருந்து இறங்கி வந்து, ‘அவளையே பார்த்துக்கொண்டு அவளைத் தேடினான்.’ அதைப் படித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடியில் அழுக்கு இல்லை. இவ்வளவு தெரிந்த ஒருவர், அடுத்த வரியிலேயே அந்தக் கிழவியை ஓட விட்டுவிட்டாரே என்பதுதான் என் ஆதங்கம். ஏனென்றால் என் கணவர் போனபோது அவருக்கு முப்பத்தாறு. விண்கலத்தில் அல்ல, காய்ச்சலில். கூடத்துப் படத்தில் அவர் அப்படியே இருக்கிறார். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் என் மகன், ஐம்பத்திரண்டு வயது, முன்மண்டை முழுக்க வழுக்கை, செய்தித்தாள் படிக்கிறான். புதிதாக வருகிறவர்கள் படத்தைக் காட்டி, ‘உங்க பையனா?’ என்று அவனையே கேட்கிறார்கள்.

சனிக்கிழமை நூலகத்தில் நடக்கும் வாசகர் வட்டத்தில் இந்தக் கதையை எடுத்தேன். வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர். கலத்தின் வேகத்தைக் கரும்பலகையில் கணக்குப் போட்டே சாக்குக்கட்டியைத் தீர்த்துவிட்டார். “சார், வேகம் சரி. அவன் வந்து நின்னா இவ என்ன செய்வா?” என்று கேட்டேன். “யாரு?” “பொண்டாட்டி. மகன் வயசுல ஒருத்தன் வந்து புருஷன்னு நிக்கிறான். இவ எழுந்து நிக்கணுமா, இல்ல, உட்காருப்பான்னு சொல்லணுமா?” “அறிவியல் கதையில அதையெல்லாம் பாக்கக் கூடாதும்மா.” “இறங்கற வேகத்தைப் பாக்கலாம், இறங்கினவனைப் பாக்கக் கூடாதா?” என்றேன். அவர் அழிப்பானைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் பள்ளியில் ஒரு சிஸ்டர் இருந்தார். பாடம் புரியாவிட்டால் விளக்க மாட்டார், எழுப்பி நடிக்க வைப்பார். நான் பூமியாக இருந்து, சூரியனாக நின்ற ஒரு தடித்த பெண்ணைச் சுற்றிச் சுற்றி மயங்கி விழுந்திருக்கிறேன். அன்றைக்குப் புரிந்தது இன்றுவரை மறக்கவில்லை. ஆகவே இதையும் நடித்தே பார்த்துவிடுவோம் என்றேன். நூலகர் நல்ல பையன், முடியாது என்று சொல்லத் தெரியாது. தன் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பழைய இதழ்கள் அடுக்கிய அறைக்குள்ளிருந்து அவர் இறங்கி வர வேண்டும். கதவோரத்து நாற்காலியில் நான் காத்திருக்கும் மனைவி. “வந்துட்டேன்!” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். கதைப்படி நான் ஓட வேண்டும். எழுந்து நிற்பதற்கே நாற்காலியின் இரண்டு கையும் மேசையின் ஓரமும் தேவைப்பட்டன. “பாத்து, பாத்து, மெதுவா” என்று விண்வெளியிலிருந்து வந்தவர் ஓடி வந்து தாங்கிப் பிடித்தார். “ஏம்ப்பா, மொதல்ல அந்த ஹெல்மெட்டைக் கழட்டு” என்று என் வாயில் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். “புருஷனைப் போய் ஏம்ப்பான்னு கூப்பிடுவாங்களா?” என்றார் பொறியாளர். சரியென்று, இரண்டாம் தடவை அவர் வந்து நின்றதும் “ஏங்க” என்றேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று நூலகர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவர் மேல் தவறில்லை. அவரை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மூன்றாம் தடவை நடந்ததுதான் எனக்கே விளங்கவில்லை. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கலைந்த முடியோடு, எதிரில் வந்து நின்றார். கதையில் இல்லாத வசனம் என் வாயிலிருந்து வந்தது. “ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? தினம் சாயங்காலம் கதவுகிட்ட போய் நிக்கிறானே பையன், அவனுக்கு நான் என்னன்னு சொல்வேன்?” நூலகர் பாவம், அதையும் நடிப்பு என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்புதான், மன்னிச்சுக்கோ” என்றார். அந்த நேரம் பார்த்தா என் மகன் கதவைத் திறக்க வேண்டும்! வழக்கமாகத் தெருவிலிருந்தே ஹாரன் அடிக்கிறவன், அன்றைக்கு மழை என்று குடையோடு உள்ளேயே வந்துவிட்டான். என் கண்ணில் தண்ணீர், என் கை ஒரு வாலிபன் கையில். “யாரும்மா இவரு?” என்றான். நான் வாயைத் திறப்பதற்குள், இன்னும் கதைக்குள்ளேயே இருந்த நூலகர், “நான்தாங்க இவங்க வீட்டுக்காரர்” என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

எங்கள் மாடி வீட்டுக்காரி அன்றைக்குச் செய்தித்தாள் படிக்க வந்து, அந்தத் தாளுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறாள். நாங்கள் காரில் வீடு வந்து சேர்வதற்குள், நடந்து போனவள் மூலம் செய்தி சேர்ந்துவிட்டது. உங்கள் விண்கலத்துக்கு அவள் வேகம் இருந்திருந்தால் அவனுக்கு அந்த ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. நூலகருக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண்ணின் அப்பா நேரில் வந்து என்னைப் பார்த்துவிட்டு, நிம்மதியாகத் திரும்பிப் போனார். அந்த நிம்மதியை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டில்தான் விஷயம் கெட்டுப் போனது. “அது கதைடா” என்றேன். “எந்தக் கதை, காட்டு” என்றான் மகன். இதழைக் காணவில்லை. மேசை, அலமாரி, தலையணை உறை எல்லாம் தேடியாகிவிட்டது. நூலகத்துப் பிரதியை யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தரவில்லை. “செத்துப் போகலைடா, நட்சத்திரத்துக்குப் போயிட்டு அதே வயசோட திரும்பி வர்றாரு” என்று நான் விளக்க விளக்க, மகனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து மருமகள் என்னிடம் மெதுவாகவும் உரக்கவும் பேசுகிறாள். டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். “இன்னிக்கு என்ன தேதி சொல்லுங்கம்மா?” என்றார். சொன்னேன். அவர் சுவரில் இன்னும் போன மாதம் தொங்குவதையும் சொன்னேன். “அடிக்கடி கோபம் வருதா?” “இப்பத்தான் ஆரம்பிக்குது.” அதைக் குறித்துக்கொண்டார்.

இனி நூலகம் வேண்டாம் என்று மகன் முடிவு செய்துவிட்டான். “வேணுங்கற புத்தகத்தை நானே கொண்டு வர்றேம்மா” என்று கொண்டும் வந்தான், பெரிய எழுத்தில், படம் போட்ட மிருகக் கதைகள். அதில் ஒரு நரி பேசுகிறது. அதை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. ஐயா, வாரத்தில் ஒரு நாள் நான் யாருக்கும் அம்மாவாகவோ மாமியாராகவோ இல்லாமல் உட்கார்ந்து வாயாடுகிற இடம் அது ஒன்றுதான். அது போய்விட்டால் எனக்கு மிச்சம் இருப்பது கூடமும் மாடி வீட்டுக்காரியும்.

ஆகவே அப்படி ஒரு கதை உங்கள் இதழில் வந்தது நிஜம், அது என் மூளையில் முளைத்ததல்ல என்று உங்கள் முத்திரையோடு எழுதி அனுப்ப வேண்டும். எழுத்தாளரைக் கடைசி வரியை மாற்றச் சொல்லவும் வேண்டும். எந்தப் பெண்ணும் ஓட மாட்டாள். முதலில் கோபம் வரும், பிறகு என்ன வரும் என்று மூன்று தடவை நடித்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றாவது அவர் எழுதியிருக்கலாம். மாற்றாவிட்டால் என் சந்தாவை நிறுத்திவிடுவேன்.

நீங்களும் உங்கள் துணைவியாரும் நீண்ட ஆயுளோடு, இருவரும் ஒரே வேகத்தில் வயதாகி, சுகமாக வாழ என் ஆசிகள். எழுத்தாளருக்கும் ஆசி உண்டு, கொஞ்சம் குறைவாக.

இப்படிக்கு,
தேதி, கிழமை இரண்டும் சரியாகத் தெரிந்த
உங்கள் பழைய வாசகி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகன் வந்தான், கையில் என்னுடைய இதழ். டாக்டரிடம் போன அன்றே கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடைத்ததாம். படித்துவிட்டு, அலுவலகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். “ஏண்டா அப்பவே குடுக்கல?” என்றேன். இதழின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, “ஏம்மா, அப்பா அப்படி வந்தா என்னை யாருன்னு நினைப்பாரு?” என்றான். சிரித்துவிடலாம் என்று பார்த்தேன், அவன் சிரிக்கவில்லை. “யாரோ பெரியவர் வந்திருக்காருன்னு எழுந்து நிப்பாருடா” என்றேன். “நானும் எழுந்து நிப்பேன்ல. அப்ப யாரும்மா உட்காருவா?” என்றான். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. இந்தச் சனிக்கிழமை என்னோடு வட்டத்துக்கு அவனும் வருகிறான். அவள் ஓடினது சரிதான் என்று வாதாடப் போகிறானாம். ஆகவே முத்திரை வேண்டாம், கடைசி வரியும் அப்படியே இருக்கட்டும், சந்தாவையும் நிறுத்த வேண்டாம். ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்தத் தம்பதிக்குக் குழந்தை உண்டா என்று கதையில் எங்கும் இல்லை; நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிட்டோம். உண்டு என்றால், அன்றைக்கு அவனும் வாசலுக்கு வந்திருந்தானா? எழுத்தாளரைக் கேட்டு, தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பவும்.