பொறுப்புள்ள ஒருவர்

மனித உயிருக்கு இத்தனை மரியாதை செய்யும் இடம் ஓஹையோ மாநிலத்தில் வேறு கிடையாது. டயர்க் கடைக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவில் இருந்த அந்தக் கண் அறுவை நிலையத்தில், வந்த அன்றே வீடு திரும்பும் நோயாளிகள் மீது ஒரு கீறல்கூட விழாது. பல நாள் டாக்டரின் கத்திக் கீறல்கூட விழாது. அவ்வளவு பாதுகாப்பு.

எல்லாப் புகழும் விதிமுறை அதிகாரி லோர்னா ஃபைஃபருக்கே. டாக்டர்கள் கண்களைப் பார்த்துக்கொண்டார்கள். லோர்னா டாக்டர்களைப் பார்த்துக்கொண்டார். அன்று மாநில ஆய்வாளர் ஹோம்குவிஸ்ட் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருந்ததால், லோர்னா விதிப் புத்தகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் வெண்டெல் கிராஸ்கி. மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர், இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர். மயக்க மருந்து கொடுக்கப்பட்டவரை வீட்டுக்கு அழைத்துப் போக ‘பொறுப்புள்ள ஒருவர்’ உடன் வர வேண்டும் என்பது விதி.

“கூட யார் சார் வந்திருக்காங்க?” என்றார் லோர்னா.

“யாரும் இல்லம்மா. போன தடவையும் இதையேதான் கேட்ட. அதுக்குள்ள நான் கல்யாணமா பண்ணிக்கிட்டிருப்பேன்?”

டாக்ஸியில் போய்விடுவேன் என்றார் வெண்டெல். காசு வாங்கிக்கொண்டு காட்டும் பொறுப்பு பொறுப்பே ஆகாது என்று லோர்னா விளக்கினார். (இது டாக்டர்களுக்குப் பொருந்தாது.) வேலை முடிந்ததும் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று நர்ஸ் டனீஷா முன்வந்தாள். ஊழியர்கள் நோயாளிமீது தனிப்பட்ட அன்பு செலுத்துவது ‘நலன் முரண்’ என்று அவள் வாய் அடைக்கப்பட்டது. மனைவிக்காகக் காத்திருந்த ஒருவர் இவரையும் சேர்த்து அழைத்துப் போகிறேன் என்றார். ஒருவருடைய பொறுப்பை இரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பாதிதானே வரும்? அதுவும் தள்ளுபடியானது.

ஹோம்குவிஸ்ட் சொக்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆளே இல்லாதவங்களுக்கு என்ன வழிமுறை வச்சிருக்கீங்க?”

“இருக்கு சார். வீட்டுக்கு அனுப்பிடுவோம்.”

“பிரமாதம்,” என்றார் ஆய்வாளர்.

வெண்டெல் தொப்பியைத் தடவி எடுத்தார். “இந்தக் கண்ணு போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் மிச்சம் இல்லம்மா,” என்றார் மெதுவாக. லோர்னாவுக்கு மனசு என்னவோ செய்தது. ஆனால் மனசு என்னவோ செய்தால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் சொல்லப்படவில்லை.

எனவே வாசல் வரை கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஆய்வாளரும் கூடவே வந்தார்.

“எதுல சார் வந்தீங்க?”

“என் வண்டியிலதான். பஸ் ஓட்டின ரோடு, கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன். இப்ப அப்படித்தான் ஓட்டுறேன். திரும்பிப் போக டாக்ஸி வச்சுக்கலாம்னு இருந்தேன். ஆபரேஷன்தான் இல்லியே, நானே ஓட்டிக்கிறேன்.”

லோர்னா திடுக்கிட்டு ஆய்வாளரைப் பார்த்தார். அவர் நிதானமாகக் கேட்டார்: “மயக்க மருந்து குடுத்தீங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப அவர் நம்ம நோயாளியே இல்ல. தாராளமா ஓட்டலாம்.”

லோர்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் வண்டி எது என்று தெரியாமல் நின்ற வெண்டெலைச் சரியான வண்டியில் ஏற்றி, பாதுகாப்பு முக்கியம் என்று சீட் பெல்ட்டையும் தானே மாட்டிவிட்டார்.

வண்டி பின்னோக்கி நகர்ந்தது. நடைபாதையில் ஏறி, இருவரும் நின்ற இடத்தை நோக்கி வந்தது. லோர்னாவும் ஆய்வாளரும் ஒரே ஓட்டமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் விடும் நேரம். வெண்டெல் ஒருவழியாகத் தெருவைக் கண்டுபிடித்து அதில் இறங்கினார். நிலையத்துக்குள் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள்.