கிண்ணம் காலி

ஆகையால் முதலில் நீ அழுகையை நிறுத்து கண்ணு. மூக்கைச் சிந்து, முகத்தைக் கழுவு, பயிற்சியை விட்டுவிடுகிறேன் என்று ஆபீசுக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தால் அதை நாலாகக் கிழித்துப் போடு, இன்னும் எழுதவில்லையென்றால் பேனாவை மூடு. அதற்கப்புறம் இதைப் படி.

அன்புள்ள அண்ணன் மகளுக்கு அத்தை எழுதுவது என்னவென்றால், சாமி புண்ணியத்தில் இங்கே நானும் மாப்பிள்ளையும் உன் பதினோரு மாதத்து மகாராணியும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும், நீ ஓட்டப் பழகுகிற ரயில் இன்ஜினும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிற வாத்தியாரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க தினமும் குளித்த கையோடு வேண்டிக்கொள்கிறேன். இதுவரைக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறை. இனிமேல் என் முறை.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். சாயங்காலம் பத்து நிமிஷம்தான் உங்களுக்குப் போனைக் கையில் தருகிறார்கள். அதில் நாலு நிமிஷம் நீ அழுகிறாய், நாலு நிமிஷம் மாப்பிள்ளை "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா" என்கிறார், மிச்சம் இரண்டு நிமிஷம் பாப்பா போனை நக்குகிறாள். நான் எங்கே பேச? அதோடு இது வாயால் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. எழுதினால் என் முகம் உனக்குத் தெரியாது பார். இன்றைக்குப் புதன். சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் ஆபீசில் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

நேற்று நீ கேட்டதில் தப்பே இல்லை. "நாலு வாரமா நோட்டுல ஒவ்வொரு வேளையும் கிண்ணம் காலின்னு இருந்துச்சு. டாக்டர்கிட்ட போயிட்டு வந்ததுலேருந்து மூணு ஸ்பூன், நாலு ஸ்பூன்னு இருக்கு. குழந்தை சாப்பாட்டையே விட்டுட்டா. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டரம்மா ஒண்ணுமில்லன்னுட்டாங்கன்னு கதை சொல்றீங்க. எனக்கு இன்ஜினும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், திங்கக்கிழமை கிளம்பி வரேன்" என்று சொன்னாயே, நான் பக்கத்தில்தான் இருந்தேன். மாப்பிள்ளை திருதிருவென்று முழித்தார். முழிக்கிற ஆள் பொய் சொல்கிறார் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். பாவம் கண்ணு அவர். அவர் எனக்காக முழித்தார். மறைத்தது நான்.

மறைத்தது என்றால் அப்படி ஒன்றும் பெரிதாக மறைக்கவில்லை. வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. நீ போகும்போது ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். எத்தனை மணிக்கு, என்ன சாப்பாடு, எவ்வளவு மிச்சம் என்று கட்டம் கட்டமாக, உன் கையெழுத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு. மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. நீ போன மறுநாள் காலையில் உருளைக்கிழங்கும் காரட்டும் வேகவைத்து, மசித்து, ஒரு துளி வெண்ணெய் விட்டு, சாமியைக் கும்பிட்டு உட்கார்ந்தேன். முதல் ஸ்பூன் வாங்கினாள். இரண்டாவது வாங்கினாள். மூன்றாவதை வாங்கி, யோசித்து, விழுங்கினாள். நாலாவதுக்குக் கடை ஷட்டரை இழுத்து மூடினமாதிரி வாயை மூடினாள் பாரு, அதற்கப்புறம் நான் பாடினேன், கை தட்டினேன், யானையாக நடந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளை வந்தார். அவருக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துப் பார்த்துப் பழக்கம் இல்லையா, ஸ்பூனைக் கொஞ்சம் கிட்டே பிடிக்கிறார், கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறார், "இது நல்லாருக்கா, இது நல்லாருக்கா?" என்று பாப்பாவைக் கேட்கிறார். அவள் அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள், அவ்வளவுதான். கடைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். கிண்ணத்தில் முக்கால் வாசி அப்படியே இருக்கிறது. அதைக் குப்பையில் கொட்ட எனக்குக் கை வருமா? சோறு சாமியில்லையா? வழித்து வாயில் போட்டுக்கொண்டேன். கிண்ணத்தைப் பார்த்தேன், காலி. மிச்சம் என்கிற கட்டத்தில் 'கிண்ணம் காலி' என்று எழுதினேன். இதில் பொய் எங்கே இருக்கிறது சொல்லு. காலியாகத்தானே இருந்தது. யார் காலி செய்தது என்று நீ கட்டமே போடவில்லையே.

அன்றைக்குச் சாயங்காலமே விஷயத்தைச் சொல்லியிருப்பேன். ஆனால் நீ போனை எடுத்ததும், "அத்தை, எல்லாத்தையும் சாப்பிட்டாளா! உங்க கைக்குத்தான் சாப்பிடுவா, எனக்குத் தெரியும்!" என்று சிரித்தாய். கிளம்புவதற்கு முந்தின நாலு நாளும் பெட்டியில் துணி அடுக்குகிற சாக்கில் அழுதவள் நீ. அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு, "அதைத் தின்னது நான்தாண்டி" என்று எந்த வாயால் சொல்வேன்? அதனால் மறுநாளும் கிண்ணம் காலி. அதற்கு மறுநாளும் காலி. காலையில் ஓட்ஸ், மத்தியானம் காய்கறி, சாயங்காலம் வாழைப்பழம், மூன்று வேளைக்கும் சேர்த்துச் சாயங்காலம் நீ சிரித்தாய், மூன்று வேளையும் நான் சாப்பிட்டேன். புட்டிப் பால் மட்டும் அவளே குடித்தாள், அதில் நான் கை வைக்கவில்லை, சாமி சத்தியம்.

நாலு வாரம் இப்படிப் போச்சா, டாக்டரம்மாவிடம் எடை பார்க்கிற நாள் வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார இடமில்லை. ஒருத்தர் பையன் குழாயில் தண்ணீர் ஓடினால்தான் சாப்பிடுவானாம், ஒருத்தி பொண்ணு மண்ணைத் தவிர எல்லாத்தையும் துப்புகிறாளாம், எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் மட்டும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். பார்த்தால் மூலையில் நம் மேல் மாடிக் கணக்கு டீச்சர்! மாடிப்படியில் என்னைப் பார்த்தாலே "என்னம்மா, உங்க பாப்பா இன்னும் தவழலையா? எங்களவன் ஓடுறானே" என்று கேட்கிறவள். "நீங்க எங்க இங்க?" என்றேன். முகம் சின்னதாகப் போச்சு. "ஓடுறான்மா, நல்லா ஓடுறான். ஆனா மெல்லவே மாட்டேங்கறான். பதிமூணு மாசமாச்சு, எல்லாத்தையும் மிக்ஸியில அரைச்சுத்தான் குடுக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. இதை உனக்கு எழுதுவது சொல்வது ஆகாது.

உள்ளே போனோம். பாப்பா எடை நீ போகும்போது எவ்வளவோ அதேதான், ஒரு கிராம் கூடவில்லை. மாப்பிள்ளை எழுந்து நின்று நோட்டைத் தலைவர் அறிக்கை மாதிரி வாசித்தார். டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். கேட்டுக்கொண்டே வந்து, "இவ்வளவு சாப்பிட்டா இந்நேரம் இவ என்னைத் தூக்கணுமே" என்றாள். அப்புறம் சிரிப்பு நின்றது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை என்றால் உள்ளே என்னவென்று பார்க்கணும், ரத்தம் எடுக்கணும், வேண்டுமானால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித்தருகிறேன் என்று காகிதத்தை இழுத்தாள். நர்ஸம்மா பாப்பாவின் கையைத் தடவி நரம்பு தேடினாள். அந்தக் கை எவ்வளவு பெரிசு இருக்கும், ஒரு வாழைப்பழம் அளவு. மாப்பிள்ளை முகத்தில் ரத்தமே இல்லை. நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன் கண்ணு, சாமி சத்தியமா திறந்தேன், காற்றுதான் வந்தது.

அப்போது டாக்டரம்மா என்ன நினைத்தாளோ, "சாப்பாடு கொண்டு வந்திருக்கீங்களா? என் முன்னாடி ஊட்டுங்க, எப்படிச் சாப்பிடுறான்னு பார்க்கிறேன்" என்றாள். ஊட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஷட்டர். பாடினேன். ஷட்டர். அப்புறம் நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. நாலு வாரப் பழக்கம். என் கை தானாகக் கிண்ணத்தை வழித்தது, என் வாய் தானாகத் திறந்தது, ஸ்பூனையும் நக்கிவிட்டு, மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, நோட்டை என் பக்கம் இழுத்து, 'கிண்ணம் காலி' என்று எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினால், மூன்று பேரும் என்னையே பார்க்கிறார்கள்.

டாக்டரம்மா நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்க கொஞ்சம் அந்த மெஷின்ல ஏறுங்க" என்றாள். உனக்கு நினைவிருக்கும், நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் பாப்பா மெஷினில் படுக்காமல் ஊரைக் கூட்டினாளே, நர்ஸம்மா என்னைப் பாப்பாவோடு ஏற்றி, அப்புறம் தனியாக ஏற்றிக் கழித்தாளே, அந்தக் கணக்கு பாப்பாவின் அட்டையிலேயே பென்சிலில் இருக்கிறது. ஏறினேன். நாலு கிலோ கூட. "குழந்தைக்கு ஊட்டின சாப்பாடு நல்ல சத்தான சாப்பாடுதான், அது போய்ச் சேர்ந்த இடம்தான் வேற" என்று சொல்லிவிட்டு மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். நர்ஸம்மா பாப்பா கையை விட்டுவிட்டு வெளியே ஓடிப்போய்ச் சிரித்தாள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார்.

டாக்டரம்மா பாப்பாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். நல்ல சுறுசுறுப்பு, நல்ல பார்வை, ஒல்லிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். "அவ நிறுத்தினா நீங்களும் நிறுத்துங்க. துரத்தாதீங்க. அவ கையிலேயே குடுங்க, கொட்டட்டும், பூசிக்கட்டும். நோட்டுல பாப்பா சாப்பிட்டதை மட்டும் எழுதுங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, அப்பவும் ஏறலன்னா ரத்தம் எடுத்துப் பார்க்கலாம்" என்றாள். தவழாததைக் கேட்டேன். உட்கார்ந்தபடியே நகர்கிறாளே, அதுவும் ஒரு போக்குவரத்துதான் என்றாள். திரும்பி வரும்போது தெருமுனையில் மாப்பிள்ளை நின்று பாப்பாவைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். அப்புறம், "அத்தை, இதை நான் அவகிட்ட சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க. ஆனா சீக்கிரம் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. நோட்டில் நான் உண்மை எழுத ஆரம்பித்ததும் நீ பயந்துபோய்விட்டாய்.

இப்போது சமையலறைத் தரையில் பழைய பிளாஸ்டிக் விரிப்பு. அதன் நடுவில் மகாராணி. கிண்ணம் அவள் கையில், என் கை என் முந்தானைக்குள். ஒரு காரட்டை எடுப்பாள், பார்ப்பாள், காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள், தலையில் தேய்ப்பாள், கடைசியில் தப்பித் தவறி வாய்க்குள் போகும். போன உடனே என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. நேற்று எட்டுத் துண்டு சாப்பிட்டாள், எண்ணினேன். கீழே விழுந்ததை ஜன்னல் கட்டையில் வைக்கிறேன், குருவி தின்கிறது. சாமிக்கு என் வாய் ஒன்றுதானா இருக்கிறது? இன்றைக்குக் காலையில் மனசு கேட்காமல் தூக்கிக்கொண்டு போய் நர்ஸம்மாவிடம் எடை பார்த்தேன். நூற்றி இருபது கிராம் ஏறியிருக்கிறாள். இந்தத் தடவை மெஷினில் பாப்பா மட்டும்தான் படுத்திருந்தாள்.

ஆகையால் நீ திங்கட்கிழமை வராதே. வந்தால் ஒன்பதாவது காரட் துண்டை அவள் தின்னப் போவதில்லை, ஒரு இன்ஜின்தான் உன் கையை விட்டுப் போகும். இன்னும் நாலே வாரம். அழணும்போல இருந்தால் இந்தக் கடிதத்தை எடுத்து, நான் மெஷினில் ஏறின இடத்தைப் படித்துச் சிரி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், உன் அம்மாவிடம் மூச்சு விடாதே. நம் குடும்பத்தில் என் கையால் சாப்பிட்டு வளர்ந்த குழந்தைகள் ஏழு. ஏழும் தானாகக் கிண்ணத்தைக் காலி செய்த குழந்தைகள். ஐம்பத்தேழு வயதில் இந்த ஒரு தடவைதான் சறுக்கினேன், அண்ணி காதுக்குப் போனால் கல்யாணம் காட்சி எதிலும் நான் தலை நிமிர்ந்து உட்கார முடியாது.

உன் ரயில் தண்டவாளத்தை விட்டும், நீ பயிற்சியை விட்டும் இறங்காமல் சாமி பார்த்துக்கொள்ளட்டும். வேளைக்குச் சாப்பிடு, உன் கிண்ணத்தை நீயே காலி செய். பாப்பா உனக்கு முத்தம் கொடுத்தாள், கடிதத்தின் ஓரத்தில் இருக்கிற மஞ்சள் கறை அதுதான்.

இப்படிக்கு,
நாலு கிலோ கூடிப்போன உன் அத்தை

பி.கு.: உறையை ஒட்டும்போதுதான் யோசித்தேன், அந்த ஏழில் முதல் குழந்தை நீ. உன் அம்மா தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த வருஷம், பகலெல்லாம் நீ என்னிடம்தான். "இவ்வளவு சாப்பிடுறா, எல்லாம் எங்கதான் போகுதோ, குச்சியாவே இருக்காளே" என்று உன் அம்மா தினமும் அதிசயப்படுவார். நானும் கூடச் சேர்ந்து அதிசயப்படுவேன். இப்போதுதான் நினைவுக்கு வருகிறது கண்ணு, அந்த வருஷம் என் ரவிக்கை எல்லாவற்றையும் ஓரம் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது. தைத்துக் கொடுத்தது உன் அம்மாதான். மூன்று தடவை பிரித்தார். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.