மூன்று வால் சாட்சிகள்

"ஐயய்யோ, தண்ணியில பூச்சி!" என்று முதல் வரிசை அம்மாள் அலறியதும், குடிநீர்த் துறை விழிப்புணர்வு அலுவலருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"பூச்சியேதாம்மா! நல்லாப் பாருங்க, மொத்தம் எட்டு. ஒவ்வொண்ணுக்கும் மூணு வால்!" என்றார், பெற்ற பிள்ளையைக் காட்டுகிறவர் மாதிரி.

வெள்ளைத் தட்டில் இருந்தது, நேற்றுச் சாயங்காலம் அவரே ஓடையில் இறங்கி மொண்டு வந்து இங்கே மூடி வைத்த தண்ணீர். அந்த மூன்று வால் பூச்சி சாக்கடையில் பிழைக்காது. அது இருக்கிறதென்றால் ஓடைக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஆறு வருஷமாக அந்த ஓடையில் பிளாஸ்டிக் பையும் ஒற்றைச் செருப்பும் பொறுக்கிப் பொறுக்கி, அலுவலகத்தில் அவர் பெயரே 'ஓடை சார்' ஆகிவிட்டது. வீட்டில் மனைவி ஓடையைத் தன் சக்களத்தி என்றுதான் சொல்வாள். அத்தனை வருஷத்தில் ஒரு பூச்சிகூட அவர் கண்ணில் பட்டதில்லை. இன்று காலை மூடியைத் திறந்தால், நேற்றுக் கலங்கலாக இருந்த தண்ணீர் பளிச்சென்று தெளிந்து, உள்ளே எட்டு உயிர்! மனுஷர் அழுதே விட்டார்.

அழாமல் என்ன செய்வார்? ஓடையின் மேல் சிமென்ட் பலகை போட்டு மூடி, கார் நிறுத்தும் இடமாக்கும் உத்தரவு மாடியில் பெரிய அதிகாரியின் மேஜையில் கிடந்தது. "மூட வேண்டாம்னு ஐம்பது பேர் பன்னிரண்டு மணிக்குள்ள கையெழுத்துப் போடட்டும். இல்லேன்னா நான் போடுவேன்" என்று அவர் சொல்லிவிட்டார். கூடத்தில் அறுபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். மணி பதினொன்று. தாளில் ஒரு கையெழுத்தும் இல்லை.

"அப்ப, பூச்சி இருந்தா நல்ல தண்ணிங்கிறீங்க?" என்றாள் அம்மாள்.

"ஆமாம்மா."

"எங்க வீட்டுக் குழாயில ஒரு பூச்சியும் வர்றதில்லையே!"

பின்வரிசைத் தலைகளும் ஆமென்று ஆடின.

"அது வேறம்மா. அதுல நாங்க குளோரின் கலக்கறோம். கிருமியெல்லாம் செத்துடும்."

"பூச்சி?"

"பூச்சியும் செத்துடும்."

"நாங்க?"

ஓடை சார் விளக்க வாயைத் திறந்தார். அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு தையல்காரர் எழுந்துவிட்டார். "பூச்சியே பிழைக்காத தண்ணியையா நாங்க இத்தனை வருஷமாக் குடிக்கிறோம்?"

சொல்லிப் புரியவைக்க நேரமில்லை, செய்து காட்டுவதுதான் வழி என்று ஓடை சார் மூலைக் குழாய்க்கு ஓடி, ஒரு டம்ளர் பிடித்து மடக் மடக்கென்று குடித்தார். "பாருங்க, குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்!"

"உங்களுக்கு அது வேலை, குடிச்சுத்தான் ஆகணும். ஒரு பூச்சியை விட்டுப் பாருங்க" என்றார் தையல்காரர்.

ஒரு நிமிஷத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஓடை சார் இன்னொரு டம்ளர் பிடித்து, கரண்டியால் ஒரு பூச்சியை அள்ளி அதில் விட்டார். பூச்சி இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு மல்லாந்து, மூன்று வாலையும் விறைப்பாக நீட்டிக்கொண்டது.

"தூங்குது" என்றார் ஓடை சார்.

"எங்க மாமனாரும் இப்படித்தான் தூங்கினாரு" என்றார் தையல்காரர்.

அவ்வளவுதான், கூடம் ரெண்டுபட்டது. யாரோ கையெழுத்துத் தாளைப் பிடுங்கினார்கள். அம்மாள் தாளில் இருந்த தலைப்பை அடித்துவிட்டுக் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'ஓடையை மூடாதே! ஓடைத் தண்ணீரையே குழாயில் விடு!'

"ஐயோ, ஓடைத் தண்ணியைக் குடிக்கக் கூடாதும்மா!"

"நல்ல தண்ணின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பூச்சிக்கு நல்லதும்மா!"

"பூச்சிக்கு ஒரு தண்ணி, எங்களுக்கு ஒரு தண்ணியா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று ஓடை சார் யோசித்தார். யோசிக்க யோசிக்க, தான் எந்தத் தண்ணீருக்காக வாதாடுகிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அவர் நினைவுபடுத்திக்கொள்வதற்குள் அறுபத்தொரு கையெழுத்து விழுந்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பெரிய அதிகாரி இறங்கி வந்தார், கையில் கண்ணாடி டம்ளரோடு. குளோரின் வாடை ஆகாது என்று தம் துறையின் தண்ணீரை அவர் தொடுவதே இல்லை. ஊருக்கு வெளியிலிருந்து வரவழைத்த தண்ணீர் அவர் அறையில் ஒரு பெரிய டிரம்மில் தனியாக இருக்கும். மற்றவர்கள் அதைத் தூர நின்று பார்க்கலாம்.

அவர் தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மல்லாந்த பூச்சியையும் பார்த்தார். பேச்சு குழாய்ப் பக்கம் வளர்ந்தால் தம் தலைதான் உருளும் என்று சட்டென்று பிடிபட்டது.

"ஓடையை மூடப் போறதில்லை. நம்ம ஓடை அவ்வளவு சுத்தம்! எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்று உத்தரவை வரவழைத்து நாலாகக் கிழித்துப் போட்டார்.

கைதட்டல் காதைப் பிளந்தது. தையல்காரர் ஓடை சாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஜெயித்தோமா, மாட்டிக்கொண்டோமா என்று ஓடை சாருக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஓடை பிழைத்துவிட்டது. அந்த ஒன்று போதும் அவருக்கு.

கூடம் காலியானதும் துப்புரவுக்கார அக்கா துடைப்பத்தோடு வந்தாள். ஓடை சார் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

"அக்கா, இதைப் பத்திரமா ஓடையில விட்டுடுங்க. பாவம், மிச்சம் ஏழும் பொறந்த வீட்டுக்குப் போகட்டும்" என்றார். பக்கத்தில் பெரிய அதிகாரியும் தலையை ஆட்டிக்கொண்டே டம்ளரிலிருந்து ஒரு மடக்குக் குடித்தார்.

அக்கா தட்டையும் ஓடை சாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதை ஏன் சார் ஓடையில விடணும்? நீங்க மொண்டு வந்தது நாத்தம் தாங்காம காலையில கூட்டும்போதே கொட்டிட்டேன். வர்றவங்க முன்னாடி நம்ம மானம் போகக் கூடாதேன்னு, பெரிய சார் குடிக்கிற டிரம்முல இருந்துல்ல மொண்டு ஊத்தி வெச்சேன்!"